சப்பாத்தில் நிலைத்த பெயர்

உலகத்திலே புகழ் பெறுவோர் பலதிறத்தினர். அரசராலும் புலவராலும் வீரராலும் ஈட்டப்படும் புகழ் ஒருவகை. ஆளைக் கைவிட்டு, அவர் பெயரை மாத்திரம் பற்றிக்கொண்டு நாடுநாடாகச் சுற்றும் புகழ் இன்னொருவகை. டீசல் என்ற சொல்லை நம் உழவரும் கடற்றொழிலாளரும் லொறிச் சாரதிகளும் நாள்தோறும் வழங்குகின்றனர். றூடோல்ப் டீசல் என்ற ஜேர்மானியப் பொறியியலாளர் ஒருவர் இருந்தார் என்பதையும், 1913ஆம் ஆண்டிலே கப்பற் பயணத்தின் நடுவே அவர் காணாமற் போய் மாண்டார் என்பதையும் அவர்களுள் எத்தனை பேர் நினைக்கின்றனர்? எண்ணெயின் பெயராகிவிட்ட மனிதருக்கு மனிதர் என்ற நினைவு எஞ்சவில்லை.

இவ்வாறு பெயர் வாழ, ஆள் மறைந்தவர்களுள் ஒருவரைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். அவர் பெயர் சார்ள்ஸ் ஹொலிஸ் டெய்லர். பழகியோர் அவரைச் சக் டெய்லர் என்று சுருக்கி அழைத்தனர். கணுக்காலை மூடி உயர்ந்து நிற்கும் கன்வஸ் சப்பாத்து. அதன் உட்பக்கத்திலே வட்டமான முத்திரை. முத்திரையின் நடுவே ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தின் குறுக்கே ஒரு கையொப்பம். இந்தச் சப்பாத்தைக் காணாத மாணவர் இன்று நம்மிடையே அரியர். அசலை வாங்க வசதியில்லாதோருக்கென நட்சத்திரம் பொறித்த போலிகளும் சந்தையிலே குவிந்து கிடக்கின்றன. அந்தக் கையொப்பத்துக்கு உரியவர் யார் என்று என் மாணாக்கரிடம் கேட்டிருக்கிறேன். சிலர் அதனைக் கொம்பனியின் பெயரென்றனர். சிலர் பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் பெயரென்றனர். இரண்டும் பொருந்தா. அவர் ஊரூராகச் சென்ற ஒரு சப்பாத்து விற்பனையாளர். அதனோடு, ஒருவகையில், ஓர் ஆசிரியர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே எவ்வாறு கூடின என்பதே அவருடைய வரலாறு.

வட்டுக்கோட்டையும் மசச்சூசெற்சும்

அமெரிக்க விற்பனையாளர் ஒருவரின் வாழ்க்கையிலே வட்டுக்கோட்டையில் இருப்பவனுக்கு என்ன அக்கறை என்று வாசகர் வினவக்கூடும். அக்கறை உண்டு. 1815ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து நியூபெரிப்போட் துறைமுகத்திலிருந்து டிரையட் என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். அவர்களுடைய முயற்சியால் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்டு அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அந்தச் செமினரியிலே கற்றவர். 1855இல் செமினரி மூடப்பட்டது. 1872இல் அவ்விடத்திலே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. வட்டுக்கோட்டையிற் பிறந்த மிஷனரி மைந்தரான பிராங்க் சாண்டர்ஸ் அக்கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலத்தில், 1884இல், மாணாக்கருக்கென ஒரு கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடக்கி வைத்தார்.

ஏழாண்டுகள் கழிந்தன. 1891 மார்கழியில், அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், அதே வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பாடசாலையில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடிய நாட்டு ஆசிரியருக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. வெளியே கடுங்குளிர், உள்ளே பொறுமையிழந்த பதினெட்டு வாலிபர். மண்டபத்துள்ளே ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை அமைக்குமாறு பணிக்கப்பட்ட அவர், பீச்சுப் பழம் இடும் இரண்டு கூடைகளை எடுத்து, பத்தடி உயரத்திலிருந்த மாடக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதித் தொங்கவிட்டார். அன்று தற்செயலாக அமைந்த பத்தடி உயரம் இன்றும் மாறவில்லை. கூடைப்பந்தாட்டம் பிறந்தது இப்படித்தான். வாலிபர் சங்கங்கள் எங்கெங்கு இருந்தனவோ அங்கெல்லாம் அவ்வாட்டம் கடல் கடந்து சென்றது. ஸ்பிரிங்பீல்டிலே பயின்ற ஹரி குறோ பக் என்பார் 1920இல் சென்னையில் உடற்பயிற்சிப் பாடசாலை ஒன்றை நிறுவி, தென்னாட்டு உடற்பயிற்சி ஆசிரியர் பலரை உருவாக்கினார்.

மூன்றாவது செய்தி ஒன்றும் உண்டு. 1908இல், மீண்டும் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலேயே, மோல்டன் என்னும் ஊரில், மார்க்கிஸ் மில்ஸ் கொன்வேர்ஸ் என்பவர் றப்பர்ச் சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். ஆகவே, நம்மூருக்குப் பாடசாலையை அனுப்பிய மாநிலமே உலகுக்கு ஒரு புதிய ஆட்டத்தையும், அவ்வாட்டத்துக்கென ஒரு சப்பாத்தையும் அளித்தது. இத்தொடர்பே என்னை இவ்வரலாற்றின்பால் ஈர்த்தது.

இந்தியானாவின் மைந்தன்

சார்ள்ஸ் டெய்லர் 1901ஆம் ஆண்டு ஆனி மாதம் 24ஆந் திகதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துத் தென்பகுதியிற் பிறந்தார். கொலம்பஸ் என்னும் சிறு நகரில் வளர்ந்தார். கூடைப்பந்தாட்டம் மசச்சூசெற்சிலே பிறந்ததாயினும், அது வேரூன்றித் தழைத்த மண் இந்தியானா மண். சோளக் கொல்லைகள் சூழ்ந்த சிற்றூர்களிலே, களஞ்சியச் சுவரிற் கூடையை மாட்டிச் சிறுவர் பந்தெறிந்தனர். பாடசாலை அணிகளின் போட்டி என்றால் ஊரே திரண்டு வரும். நம் நாட்டில் கல்லூரிகளுக்கிடையிலான பெருங் கிறிக்கெற் போட்டி நாளன்று கடைத்தெரு வெறிச்சோடுவதை ஒத்த காட்சி அது.

டெய்லர் கொலம்பஸ் உயர்தரப் பாடசாலையின் அணித்தலைவராக விளங்கினார். 1919இல் பாடசாலைக் கல்வி முடிந்தது. பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மிதிக்கவில்லை. பணத்துக்கு ஆடும் அணிகளை நாடிச் சென்றார். அக்காலத்தில் தொழிற்சாலைகள் தத்தமக்கென அணிகளை வைத்திருந்தன. ஒஹாயோ மாநிலத்து அக்றன் நகரில் மோட்டார் வண்டிகளுக்குச் சில்லு உறை செய்யும் பயர்ஸ்ரோன் கொம்பனியின் அணியில் அவர் ஆடினார். அவ்வணிக்கு இட்ட பெயரோ வழுக்காதோர் என்பது; அது கொம்பனி விற்ற உறை ஒன்றின் பெயருமாகும். ஆட்டமும் விளம்பரமும் ஒரே சட்டையை அணிந்து களத்தில் இறங்குவதை அவர் இருபது வயதிலேயே கண்டுகொண்டார்.

ஆட்டக்காரராக அவர் திறமையுடையவர். எனினும், வரலாறு எழுதும்படியான பெருவீரரல்லர். அவ்வாழ்வு நிலையற்றதாகவும் இருந்தது. அணிகள் தோன்றும், பருவம் முடியுமுன் கலையும். 1922ஆம் ஆண்டளவில் அவர் சிக்காகோ நகரிலிருந்த கொன்வேர்ஸ் கொம்பனியின் விற்பனை நிலையத்துட் புகுந்து வேலை கேட்டார். வேலை கிடைத்தது. அதன் பின் இறக்கும் ஆண்டு வரையிலும் அவருடைய வாழ்க்கை அக்கொம்பனியோடு பிணைந்தே சென்றது.

றப்பரின் கதை

இவ்விடத்திலே சப்பாத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றது. அவர்கள் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்து போயினர். சொல் மாத்திரம் நம் வாயில் நின்றுவிட்டது. கன்வஸ் துணியும் றப்பர் அடியுங் கொண்ட சப்பாத்து மிகப் பிந்தியது. றப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்பதை 1839இல் கண்டவர் சார்ள்ஸ் குட்இயர். அவர் 1860இல் கடனாளியாகவே இறந்தார். அவர் இறந்து முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் தொடங்கிய கொம்பனி ஒன்று அவர் பெயரை எடுத்துக்கொண்டு பெருஞ் செல்வம் ஈட்டியது. பெயர் ஓரிடத்தும் பயன் வேறோரிடத்தும் சேர்வது றப்பர்த் தொழிலிலே முன்னரே நிகழ்ந்த செய்தியாகும்.

அமெரிக்கர் அணிந்த சப்பாத்துக்கும் தமிழருக்கும் இடையே ஓர் உறவு உண்டு. பிரேசில் நாட்டு றப்பர் விதைகள் இலண்டன் மாநகர்க் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் இலங்கையிலும் மலாயாவிலும் பெருந் தோட்டங்களாயின. பால்வெட்டுந் தொழிலுக்குத் தென்னிந்தியத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். யாழ்ப்பாணத்து வாலிபரும் கிளாக்கர்மாராகவும் புகையிரத நிலைய உத்தியோகத்தராகவும் மலாயா சென்றனர். இளைப்பாறித் திரும்பிக் கல்வீடு கட்டினர். வட்டுக்கோட்டைப் பகுதியிலும் அத்தகைய மலாயாப் பென்சன்காரர் வீடுகள் பல இருந்தன. 1920களிலும் 1930களிலும் உலகிலே மிகுதியாக றப்பர் வாங்கிய நாடு அமெரிக்கா. மிகுதியாக விற்ற இடங்கள் மலாயா, ஒல்லாந்தர் ஆண்ட கீழைத் தீவுகள், இலங்கை என்பன. அமெரிக்கச் சிறுவன் மரத்தளத்திலே துள்ளி ஆடிய காலத்தில், விடியுமுன் எழுந்து மரத்தைக் கீறிய கைகளிற் பல தமிழ்க் கைகள். சப்பாத்தின் முத்திரையில் அவர்கள் பெயருக்கு இடமிருக்கவில்லை.

கொன்வேர்ஸ் கொம்பனி முதலிற் செய்தவை மழைக்கும் பனிக்கும் உகந்த றப்பர்ச் சப்பாத்துக்கள். அவை மாரியில் மாத்திரமே விலைபோவன. ஆண்டு முழுவதும் தொழிலாளருக்கு வேலை வேண்டுமென்றால் வேறொரு பண்டமும் வேண்டும். ஆகவே விளையாட்டுக்குரிய கன்வஸ் சப்பாத்துக்களைச் செய்யத் தலைப்பட்டது. 1917இல் ஓல் ஸ்ரார் என்னும் கூடைப்பந்துச் சப்பாத்து வெளிவந்தது. மேற்பகுதி கன்வஸ் துணி, அடிப்பகுதி றப்பர், இரண்டும் பொருந்துமிடத்தைச் சுற்றி ஒரு றப்பர்ப் பட்டி. யாவற்றையும் ஒட்டியபின் சூளையில் வைத்து வேகவைத்தால் துணியும் றப்பரும் ஒன்றாகிவிடும். வழுக்கும் மரத்தளத்திலே விரைந்தோடித் திடீரென நிற்பதற்கும் திரும்புவதற்கும் அந்த அடி பற்றுக்கொடுத்தது. உயர்ந்த மேற்பகுதி கணுக்காலைத் தாங்கியது. வேலையிற் சேர்ந்த டெய்லர், ஆடிப் பழகிய காலின் அனுபவத்தைக் கொண்டு, கணுக்காலுக்கு ஆதரவும் பாதத்துக்கு நெகிழ்ச்சியும் மிகும்படி சில திருத்தங்களைக் கொம்பனிக்கு எடுத்துரைத்தார்.

ஊரூராகச் சென்ற ஆசான்

டெய்லரின் பெருமை சப்பாத்தைத் திருத்தியதில் அடங்கவில்லை. அதனை விற்ற முறையிலேயே அது விளங்குகின்றது. அவருக்கு நிலையான வீடு இல்லை. பெரிய மோட்டார் வண்டி ஒன்றே வீடு. அதன் பின்பெட்டியிலே சப்பாத்துக்கள் நிறைந்திருக்கும். வழிப்போக்கர் விடுதிகளிலே துயின்று, ஆண்டின் பெரும்பகுதியைத் தெருவிலேயே கழித்தார். ஒரு சிற்றூரை அடைந்ததும் அவர் முதலிற் காண்பது கடைக்காரரையன்று, பாடசாலைப் பயிற்றுநரையே. அவருடைய இசைவைப் பெற்று, அன்று மாலை பாடசாலை மண்டபத்திலே மாணாக்கருக்குக் கூடைப்பந்துப் பயிற்சி வகுப்பொன்றை நடத்துவார். பந்தைக் கைமாற்றும் வகைகள், முகம் ஒருபக்கம் இருக்கப் பந்தை மறுபக்கம் செலுத்தும் சூட்சுமம், காலை ஊன்றித் திரும்பும் முறை ஆகியவற்றைத் தாமே ஆடிக்காட்டுவார். உள்ளூர்ப் பயிற்றுநர் கற்பித்து வந்த முறையைக் குறைகூறமாட்டார்; அதற்கு மேல் ஒரு படி கூட்டிக்கொடுத்துச் செல்வார். வகுப்பு முடிந்தபின் சப்பாத்து வேண்டுவோரை ஊரிலுள்ள கடைக்கே அனுப்புவார். பாடசாலை வாயிலில் நின்று கடைக்காரரின் வயிற்றில் அடிப்பதில்லை. ஆகவே பயிற்றுநரும் அவருக்கு நண்பர், கடைக்காரரும் நண்பர்.

இத்தகைய வகுப்புக்களை அவர் 1922இல் தொடங்கி முப்பதாண்டுகளுக்கு மேலாக நடத்தினார். அமெரிக்க நாடு முழுவதும் சுற்றினார். மெக்சிக்கோவுக்கும் தென்னமெரிக்காவுக்குஞ் சென்றார். தொலைக்காட்சி பரவாத அக்காலத்தில், ஓரூரிலே தோன்றிய ஆட்ட நுட்பம் அடுத்த ஊருக்குச் செல்ல ஆண்டுகள் ஆகும். அந்த நுட்பங்களை ஊருக்கு ஊர் காவிச் சென்றவர்களுள் டெய்லர் முதன்மையானவர். 1920களின் நடுப்பகுதியிலே கொம்பனியின் பெயரால் அமைந்த அணி ஒன்றைத் தலைமை தாங்கி ஊர்களுக்கு அழைத்துச் சென்று ஆடியுங் காட்டினார்.

கொன்வேர்ஸ் கொம்பனி 1922 முதல் ஒரு கூடைப்பந்து ஆண்டு மலரை வெளியிட்டது. நாட்டிலுள்ள பாடசாலை, கல்லூரி அணிகளின் படங்கள் அதில் இடம்பெறும். தம்மூர் அணியின் படம் அச்சில் வந்ததைக் கண்ட சிறுவரின் மகிழ்ச்சியை ஆசிரியராயுள்ளோர் எளிதில் உணர்வர். 1932 முதல் டெய்லர் அம்மலரில் அவ்வாண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரரைத் தெரிந்து வெளியிட்டார். நாடெங்கும் அலைந்து ஆட்டங்களைக் கண்டவர் அவர். ஆதலால் அத்தெரிவுக்கு மதிப்பிருந்தது. எந்தப் பல்கலைக்கழகத்திலே பயிற்றுநர் பதவி வெற்றிடமாயிருக்கின்றது, எந்தச் சிற்றூரிலே அதற்குத் தகுந்தவர் இருக்கின்றார் என்பனவும் அவருக்குத் தெரியும். அவருடைய ஒரு சொல்லால் வேலை பெற்ற பயிற்றுநர் பலர். அவர்களுடைய அணிகள் எந்தச் சப்பாத்தை அணிந்தன என்று நான் கூறவேண்டியதில்லை.

1930களின் தொடக்கத்தில் கொம்பனி அவருடைய கையொப்பத்தை நட்சத்திர முத்திரையின்மேற் பொறித்தது. விளையாட்டுச் சப்பாத்தொன்று ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி உலகெங்கும் அறியப்பட்டது இதனாலேயே. ஆயினும் அப்பெயருக்கென அவர் தனிப்பங்கு பெறவில்லை. விற்கும் ஒவ்வொரு சோடிக்கும் இத்தனை சதம் என்ற கணக்கும் இருக்கவில்லை. மாதச் சம்பளமும் பயணச் செலவுமே அவர் பெற்றவை. செலவுப் பணத்தைத் தாராளமாகவே பயன்படுத்தினாராயினும், பெயரை விலைபேசவில்லை.

ஈரக்களமும் போர்க்களமும்

1936இல் பேர்லின் நகரிலே நடந்த ஒலிம்பிக் விழாவில் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. எழுபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த நெய்ஸ்மித் அதனைக் காண நேரிற் சென்றிருந்தார். இறுதியாட்டம் திறந்த வெளியிலே, ரெனிஸ் ஆடும் மண்தளத்தில், கொட்டும் மழையில் நடந்தது. பந்து சேற்றில் விழுந்து எழ மறுத்தது. அமெரிக்கா கனடாவை 19க்கு 8 என்ற புள்ளிகளால் வென்றது. அவ்விழாவுக்கென வெள்ளைத் துணியில் சிவப்பும் நீலமுமான கரையிட்டுக் கொன்வேர்ஸ் கொம்பனி சப்பாத்துச் செய்தது. 1960கள் முடியும் வரை அமெரிக்க ஒலிம்பிக் அணியின் காலில் அச்சப்பாத்தே இருந்தது.

மறுநாள் அதே பேர்லின் நகரில் இந்திய ஹொக்கி அணி ஜேர்மானிய அணியை 8க்கு 1 என்று வென்றது. ஈரத்தரையிலே கால் வழுக்கியதனால் தியான் சந்த் ஆணிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆடினார் என்று கூறுவர். ஒரு கிழமைக்குள், ஒரே நகரில், சப்பாத்தின் வரலாறும் சப்பாத்தைத் துறந்த காலின் வரலாறும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டன. 1948 இலண்டன் ஒலிம்பிக்கிலும் இந்திய உதைபந்தாட்டக்காரர் பலர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்தாடி 2க்கு 1 என்று தோற்றனர். வெற்றியுந் தோல்வியும் சப்பாத்தில் மாத்திரம் இல்லை என்பதற்கு இவை இரண்டும் போதிய சான்றுகள். யாழ்ப்பாணத்துக் கூடைப்பந்துத் தளங்கள் பெரும்பாலும் வெயிலிற் கொதிக்கும் சீமெந்துத் தளங்கள். மதிய வேளையில் அதில் வெறுங்காலோடு ஓடிக் கொப்புளங் கண்ட சிறுவரை நான் கண்டிருக்கிறேன். வெள்ளைப் பூச்சுப் பூசி உலர்த்திய ஒரே சோடிக் கன்வஸ் சப்பாத்தை அண்ணனும் தம்பியும் முறைவைத்து அணிந்ததையுங் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சப்பாத்து அலங்காரப் பொருளன்று. ஆட்டத்தில் இடம்பெறுவதற்கான நுழைவுச் சீட்டு.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே அமெரிக்கப் படைவீரர் உடற்பயிற்சிக்கு அணிந்ததும் டெய்லரின் பெயர்கொண்ட சப்பாத்தே. அவரும் படையினரின் உடற்பயிற்சிக்குத் துணைபுரிந்தார். 1944-45இல் ஒஹாயோவிலுள்ள ரைட் விமானத் தளத்தின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்றுநராயிருந்தார். போர் முடிந்து வீரர் வீடு திரும்பியபோது சப்பாத்தும் அவர்களோடு சென்றது. 1957இல் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் தாழ்ந்த வகையும் வெளிவந்தது. 1962ஆம் ஆண்டு பங்குனி 2ஆந் திகதி, வில்ற் சேம்பலேன் என்னும் நெடியோன் ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளிகளை ஈட்டி இன்றும் முறியடிக்கப்படாத சாதனையை நிறுவிய நாளிலும் அவர் காலில் இச்சப்பாத்தே இருந்தது.

மெய்யும் மிகையும்

ஒருவருடைய வரலாற்றை எழுதுவோர் அவருடைய குறைகளையும் மறைத்தலாகாது. டெய்லர் தம் இளமைக்கால ஆட்டத்தைப் பற்றிக் கூறிய செய்திகள் அனைத்தும் மெய்யல்ல. அக்காலத்திலே பெரும்புகழ் பெற்றிருந்த ஒறிஜினல் செல்ற்றிக்ஸ் அணியில் ஆடியதாக அவர் சொல்லிவந்தார். ஏபிரகாம் ஆமிடோர் என்பார் பழைய பத்திரிகைகளையும் ஆவணங்களையும் துருவி ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில், அதற்கு ஆதாரமில்லை என்பதைக் காட்டினார். விற்பனையாளர் தம் சரக்கைச் சற்று உயர்த்திப் பேசுதல் வழக்கம். டெய்லர் தம்மையும் ஒரு சரக்காகக் கொண்டுவிட்டார் போலும்.

அவருடைய மிகைக்கூற்றுக்கு அவசியம் இருந்ததா என்று எண்ணிப் பார்க்கின்றேன். பெரிய அணியில் ஆடியவர் என்ற பட்டம் இல்லாவிடினும், மாலை வேளையில் சிற்றூர் மண்டபத்தில் நின்று சிறுவனொருவனுடைய கைவிரல்களைப் பந்தின்மேல் சரியாக வைத்துக்காட்டிய ஒருவர் மதிப்பிற் குறைந்தவராகார். தாம் உண்மையாகச் செய்த பணியின் உயர்வை உணராமல், செய்யாத ஒன்றினாலே புகழ் தேடியது இரங்கத்தக்கது. ஆசிரியத் தொழிலில் உள்ளோரிடத்தும் இக்குறை உண்டு. கற்பிப்பதைவிட வேறொன்றாக இருந்திருந்தாற் பெருமை என்று எண்ணுவோர் நம்முள்ளும் பலர்.

தெருவிலே கழிந்த வாழ்வு அவருக்குச் சில நட்டங்களையும் தந்தது. நாற்பதைக் கடந்த பின்னரே அவருக்கு மணவாழ்க்கை வாய்த்தது. முதல் மணம் சில ஆண்டுகளில் முறிந்தது. நாடெங்கும் நண்பர் இருந்தனர். நாளாந்தம் திரும்பி வருவதற்கு ஒரு வாயில் நெடுங்காலம் இருக்கவில்லை. 1960களின் இறுதியில் ஓய்வு பெற்றுப் புளோரிடா மாநிலத்திலே குடியேறினார். 1969இல் ஸ்பிரிங்பீல்டிலுள்ள நெய்ஸ்மித் நினைவுக் கூடைப்பந்துப் புகழ்மண்டபம் அவரைத் தன் உறுப்பினருள் ஒருவராகச் சேர்த்தது. அதே ஆண்டு ஆனி மாதம் 23ஆந் திகதி, அறுபத்தெட்டாவது பிறந்த நாளுக்கு ஒருநாள் முன்னதாக, மாரடைப்பினால் உயிர்நீத்தார்.

பெயரின் பயணம்

ஆள் மறைந்த ஆண்டளவிலேயே சப்பாத்தின் களவாழ்வும் சாயத் தொடங்கியது. தோலினாற் செய்த புதிய சப்பாத்துக்கள் வந்தன. பத்தாண்டுகளுள் பெரும் போட்டி அரங்குகளிலிருந்து கன்வஸ் சப்பாத்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் களத்திலிருந்து விலகிய அது தெருவிலே நடக்கத் தொடங்கியது. இசைக்குழுவினர் அணிந்தனர், ஓவியர் அணிந்தனர், பெற்றோர் சொற்கேளாத இளைஞர் அணிந்தனர். 1976இல் வெளிவந்த ராக்கி திரைப்படத்தின் ஏழைக் குத்துச்சண்டை வீரன் விடியற்காலையிலே ஓடிப் பயிலும்போது அவன் காலில் இருந்ததும் அதுவே. விலை குறைந்தது, எல்லோருக்கும் பொதுவானது, ஆடம்பரமற்றது என்ற எண்ணமே அதற்கு ஓர் ஆடம்பரமாயிற்று. கொம்பனி 2001இல் கடனில் மூழ்கி அமெரிக்காவிலிருந்த தன் தொழிற்சாலைகளை மூடியது. 2003இல் நைக்கி கொம்பனி ஏறத்தாழ 30 கோடி டொலருக்கு அதனை வாங்கியது. பண்டம் ஆசிய நாடுகளில் உற்பத்தியாகின்றது. கையொப்பம் மாத்திரம் மாறவில்லை.

தமிழருக்கும் இதிலொரு பெருமிதம் நேர்ந்தது. சென்னையிற் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹரிஸ், 2020இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டபோது இச்சப்பாத்தை அணிந்து விமானத்திலிருந்து இறங்கி வந்த காட்சி உலகெங்கும் பேசப்பட்டது. அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். பால்வெட்டிய தமிழ்க் கைகளிலிருந்து, 2021 முதல் 2025 வரை துணை ஜனாதிபதியாயிருந்த தமிழ்த்தாயின் மகள் கால்வரை, அச்சப்பாத்து ஒரு நெடுந்தூரத்தைக் கடந்திருக்கின்றது.

டெய்லருக்குப் பின் வந்தோர் வழி வேறு. 1970களின் இறுதியிலே நைக்கி கொம்பனி பல்கலைக்கழகப் பயிற்றுநர்களுக்கு நேராகவே பணங் கொடுத்து மாணவருக்குத் தன் சப்பாத்தை அணிவித்தது. 1984இல் மைக்கேல் ஜோர்டன் அக்கொம்பனியோடு உடன்படிக்கை செய்தார். அடுத்த ஆண்டு அவர் பெயர் தாங்கிய சப்பாத்து சந்தைக்கு வந்தது. வடகரோலினாப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராய் ஆடிய காலத்தில் அணிந்தவை கொன்வேர்ஸ் சப்பாத்துக்களே. ஜோர்டன் தம் பெயரின் விலையை அறிந்தவர். விற்பனையிலே தமக்குரிய பங்கைப் பெற்று, களத்தில் ஈட்டியதிலும் பன்மடங்கு செல்வத்தைச் சப்பாத்தினால் ஈட்டினார். உழைப்புக்கும் பெயருக்கும் உரிய பங்கைக் கேட்டுப் பெறுதல் குற்றமன்று. அதனை நான் பழிக்கவில்லை.

ஆனால் இந்த வணிகத்தின் முதல் விதை டெய்லரின் வண்டிப் பெட்டியிலே இருந்தது என்பதனையும் மறுத்தற்கியலாது. பாடசாலை மண்டபத்தின் கதவைக் கொம்பனிக்குத் திறந்துவிட்டவர் அவரே. பயிற்றுநரின் நட்பைப் பெற்றால் மாணவரின் கால் தானே வரும் என்பதை முதலிற் கண்டவரும் அவரே. பின்வந்தோர் அந்த வழியில் பாடத்தை விட்டுவிட்டுப் பணத்தை மாத்திரம் கொண்டு சென்றனர். டெய்லர் மண்டபத்துள் நுழைந்தபோது கையில் ஒரு பந்தும் இருந்தது. வெளியேறும்போது மாணவரிடத்தே முன்னில்லாத ஒரு திறமை இருந்தது. சப்பாத்து வாங்காத ஏழைச் சிறுவனும் அன்று மாலை கற்றதை இழக்கவில்லை. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கின்றேன். பாடசாலைக்குள் வரும் எந்த வணிகரிடத்தும், நன்கொடையாளரிடத்தும் நாம் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே: விற்பவர் சென்றபின், வாங்க இயலாத பிள்ளைக்கு என்ன மிஞ்சுகின்றது?

சக் டெய்லர் இரண்டு செல்வங்களை விட்டுச் சென்றார். ஒன்று முத்திரையிலுள்ள பெயர். அது கொம்பனியின் உடைமை, விலைக்கு விற்கப்பட்டுக் கைமாறியது. மற்றையது, முப்பதாண்டு மாலைகளில் பல்லாயிரஞ் சிறுவருக்கு அவர் கற்பித்த ஆட்டம். அவர்கள் அதனைத் தம் பிள்ளைகளுக்கும் மாணவருக்குங் கற்பித்தனர். அதில் அவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆதலால் அதனை எவரும் வாங்கவோ விற்கவோ இயலாது. ஆசிரியராயுள்ளோர் விட்டுச் செல்லும் செல்வம் எப்போதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே.